மெட்ராஸ் ஐ சீசனில் வந்த ஒரு கருவிழிப் புண்: நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவின் ஒரு கிராமத்துக் கண் பரிசோதனை மையத்துக்கு வந்த பெண்ணின் கதை இது. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஊர், மருந்துக்கடை, மருத்துவமனை எதற்கும் பெயர் சொல்லவில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியர்கள், கண் உதவியாளர்கள், மருந்துக்கடையில் நிற்கும் தம்பிகள், வீட்டில் கண் சிவந்த ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் எல்லாருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த புரட்டாசி மாதம். மழை பிடிப்பதற்குள் நெல்லைக் காயவைத்து, தூற்றி, சிப்பம் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊரே அவசரத்தில் இருந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களத்திலும் அதை ஒட்டிய தார்ச்சாலையிலும் நெல் பரப்பிக் கிடந்தது. தூற்றும் இயந்திரம் ஓடும்போது பதரும் உமியும் சுணையும் (நெல்லின் மேல் இருக்கும் கூரான நுண்முடி) காற்றில் பறக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள், சிலர் மூக்கையும் மூடிக்கொள்வார்கள். கண்ணுக்கு மட்டும் எதுவும் இருக்காது.

அதே வாரங்களில் மெட்ராஸ் ஐயும் பரவிக்கொண்டிருந்தது. பள்ளியில் ஒரு வகுப்பில் தொடங்கி வீடு வீடாக வந்துவிட்டது. மழைக்காலத்தை ஒட்டி இப்படிப் பரவுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2022 நவம்பரில் மாநிலம் முழுவதும் இது பெரிய செய்தியானது பலருக்கும் நினைவிருக்கும். சீசன் வந்துவிட்டால் ஊரில் யார் கண் சிவந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். பெயர் தெரிந்துவிட்டதால் மருந்தும் தெரிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நிகழ்வில் நடந்த எல்லாமே அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

எங்கள் மையத்தில் மருத்துவர் தினமும் இருக்கமாட்டார். பார்வைப் பலகை, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப், கண் அழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவை உண்டு. படம் எடுத்து அனுப்பினால் மருத்துவர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். நான் அங்கே கண் உதவியாளர்.

முதல் எட்டு நாட்கள்

அவருக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல். விவசாயக் கூலி. கணவரும் கூலி வேலைதான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. மையத்துக்கு வருவதற்கு முன் நடந்தவற்றை அவரிடமும் மகளிடமும் கேட்டுக் கோத்ததுதான் இந்தப் பகுதி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் ஏதோ விழுந்தது. முந்தானையால் தேய்த்தார். பக்கத்து வாய்க்கால் தண்ணீரால் கழுவினார். உறுத்தல் போகவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கண் சிவந்து நீர் வடிந்தது. பக்கத்து வீட்டு அம்மா நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்ணில் ஒற்றச் சொன்னார். அதையும் செய்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை கண்ணைத் திறந்தாலே கூசியது. மகனுக்கு இரண்டு வாரம் முன்பு மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தது. அப்போது மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிய சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தது. “பையனுக்கு வந்ததுதான் எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன் சார்” என்றார். அந்த மருந்தை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை விட்டுக்கொண்டார்.

இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது. வலியும் மட்டுப்பட்டது. மருந்து கேட்கிறது என்று முடிவுசெய்து, செவ்வாய்க்கிழமை மறுபடியும் களத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை கண் மங்கியது. புகை மூட்டத்தின் வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது என்று சொன்னார். இரவில் வலியில் தூக்கம் இல்லை. கணவர் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அதே கடையில் காட்ட, அதே மருந்தின் புதுப் பாட்டில் ஒன்று கிடைத்தது. மேலும் இரண்டு நாள் அதையே விட்டார்கள். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை காலை, மகள் கண்ணைப் பார்த்துவிட்டு “அம்மா, கருப்பு முழியில வெள்ளையா என்னமோ இருக்கு” என்று பயந்து கையோடு மையத்துக்குக் கூட்டிவந்தாள்.

மையத்தில் பார்த்தது

கண் சிவந்து வருகிற யாராக இருந்தாலும் எங்கள் மையத்தில் முதல் வேலை பார்வைப் பலகைதான். டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துகளைப் படிக்கச் சொல்வோம். 6/6 என்றால் சரியான பார்வை, கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு. அவருடைய வலது கண் 6/9. இடது கண் 6/60, அதாவது பலகையின் மேல்வரிசையில் உள்ள மிகப் பெரிய எழுத்து மட்டும். சிறு துளை வழியாகப் பார்க்கச் சொன்னபோதும் கூடவில்லை. இந்த ஒரு எண்ணே போதும், இது சாதாரண மெட்ராஸ் ஐ இல்லை என்று சந்தேகப்பட.

அடுத்து சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். மெட்ராஸ் ஐயில் இமையின் உட்புறமும் வெள்ளைப் பகுதியின் ஓரங்களும் நன்றாகச் சிவந்திருக்கும். கருவிழியை நெருங்க நெருங்கச் சிவப்பு வெளுக்கும். இவருக்கு நேர்மாறாக இருந்தது. கருவிழியைச் சுற்றி வளையம் போட்டதுபோல அடர்ந்த சிவப்பு, ஓரங்களில் குறைவு. கருவிழிக்கு உள்ளே அல்லது அதற்கும் பின்னால் கோளாறு இருக்கும்போது சிவப்பு இப்படி வரும்.

ஸ்லிட் லாம்பில் கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தது. மேற்பரப்பு ஈரப் பளபளப்பு இல்லாமல் உலர்ந்து, கொஞ்சம் மேடாக இருந்தது. விளிம்பு தெளிவாக முடியாமல் இறகு நுனிபோலப் பிரிந்து பிரிந்து போனது. பெரிய திட்டுக்கு அருகில் ஒட்டாமல் இன்னொரு சின்னப் புள்ளி. கருவிழிக்குப் பின்னால், கண்ணின் முன்னறையின் அடியில், மெல்லிய கோடாகச் சீழ் தேங்கியிருந்தது. ஃப்ளோரசின் தாளால் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்ததும் திட்டின் மேல் பச்சையாக ஒளிர்ந்தது. மேல்தோல் அரித்துப் புண்ணாகிவிட்டது என்று பொருள். உலர்ந்த மேற்பரப்பும் இறகு விளிம்பும் பக்கத்துப் புள்ளியும் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்க வைத்தன.

அப்புறம் கொண்டுவந்திருந்த பாட்டிலைப் பார்த்தேன். லேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு. உள்ளே ஒரு ஆன்டிபயாட்டிக், அதோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. கண்ணுக்குள் வரும் சில வகை அழற்சியில் பார்வையைக் காப்பதே அதுதான். ஆனால் சிவப்பும் வலியும் வீக்கமும் கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் அடக்குகிறது, கிருமியை அல்ல. பூஞ்சை உள்ள கண்ணில் அதை விட்டால் கண் தெளிந்ததுபோலத் தெரியும், உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். இவருடைய ஞாயிறு முதல் செவ்வாய் வரையிலான நிம்மதி அப்படி வந்ததுதான். கூட இருந்த ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. அந்தச் சிவப்புக் கோடு அதற்கான எச்சரிக்கைதான்.

ஏன் மெட்ராஸ் ஐ என்று நினைக்கவில்லை

அதே வாரத்தில் மையத்துக்கு வந்த மற்றச் சிவப்புக் கண்களோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பெரும்பாலானவை உண்மையிலேயே மெட்ராஸ் ஐதான். பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள். ஒரு கண்ணில் தொடங்கி இரண்டொரு நாளில் மறு கண்ணுக்கும் போயிருக்கும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், நீரும் பீளையும் வடியும், மணல் விழுந்ததுபோல அரிக்கும். சிலருக்குக் காதுக்கு முன்னால் சின்னதாக நெறி கட்டியிருக்கும். பீளையைத் துடைத்துவிட்டுப் படிக்கச் சொன்னால் பலகையைப் படித்துவிடுவார்கள். பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, துண்டையும் தலையணையையும் தனியாக வைத்துக்கொள்வது, குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒத்தடம், கண்ணீர்போன்ற சொட்டு மருந்து, இவை போதும். ஆன்டிபயாட்டிக் அந்த வைரஸைத் தொடாது.

ஒரு பெரியவர் கண்ணில் ரத்தம் வழிந்துவிட்டது என்று நடுங்கிக்கொண்டே வந்தார். வெள்ளைப் பகுதியில் ஒரு பாதி குங்குமம் கொட்டியதுபோலச் சிவப்பு. வலி இல்லை, பார்வை குறையவில்லை, நீர் வடியவில்லை. தொடர்ந்து இருமியதில் சின்ன ரத்தக் குழாய் ஒன்று விட்டிருந்தது. பார்க்கப் பயங்கரமாக இருப்பது இதுதான், ஆபத்து குறைவானதும் இதுதான். ரத்த அழுத்தத்தைப் பார்த்தோம், ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்தோம். இரண்டு வாரத்தில் நிறம் மாறி மறைந்துவிடும் என்று சொல்லி அனுப்பினோம்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்கு ஒரு கண் சிவந்து, அந்தப் பக்கத் தலை பிளக்கும் வலி, வாந்தி. விளக்கைப் பார்த்தால் வானவில் வளையம் தெரிந்தது. முந்தின நாள் வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கண்மணி பாதி விரிந்து ஒளிக்கு அசையவில்லை, கருவிழி மங்கியிருந்தது, கண் அழுத்தம் மிக அதிகம். கண் நீர் அழுத்தம் திடீரென ஏறும் வகை அது. மணிக்கணக்கில் பார்வை நரம்பு சேதமாகும் என்பதால் உடனே காரில் அனுப்பினோம்.

நம் நோயாளிக்கு ஒரு கண் மட்டும்தான் சிவந்திருந்தது. எட்டு நாளாகியும் மறு கண்ணுக்குப் போகவில்லை. பீளை குறைவு, வலியும் கூச்சமும் அதிகம், பார்வை விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், இது யாரிடமிருந்தும் ஒட்டி வந்ததல்ல. களத்தில் சுணை விழுந்த அந்த நொடியில் தொடங்கியது. கண் சிவந்தவரிடம் “எப்படித் தொடங்கியது” என்று ஒரு முறை பொறுமையாகக் கேட்டிருந்தால் மருந்துக்கடையிலேயே இது பிடிபட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

டெல்டாவிலும் மதுரைப் பக்கத்திலும் வயலில் பட்ட காயத்துக்குப் பிறகு கருவிழியில் வெள்ளைத் திட்டு என்றால் பூஞ்சையை நினைக்காமல் இருக்க முடியாது. மதுரை மாவட்டத்தைப் பற்றி 1996இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. மதுரையில் நோயாளிகளின் புண்ணைச் சுரண்டி வளர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. குளிர்நாடுகளின் பாடப்புத்தகங்களில் பூஞ்சை அரிது என்று இருக்கும். நம் வயல்களில் அப்படி இல்லை.

எடுத்த முடிவும் காரணமும்

படங்களைப் பார்த்த மருத்துவர் மூன்று விஷயங்கள் சொன்னார். அந்தச் சொட்டு மருந்தை இந்த நிமிடத்திலிருந்து நிறுத்த வேண்டும். கண்ணைக் கட்டிப் போடக் கூடாது. இன்றைக்கே கருவிழிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு ஏதாவது சொட்டு மருந்தைத் தொடங்கி அனுப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். புண்ணிலிருந்து மாதிரி எடுத்து என்ன கிருமி என்று பார்ப்பதற்கு முன் மருந்து விட்டால் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். அன்று மதியத்துக்குள் மருத்துவமனையைச் சேர்ந்துவிட முடியும் என்பதால் அந்த முடிவு சரி. போக இரண்டு நாளாகும் என்ற இடமாக இருந்தால் வேறு விதமாக முடிவெடுக்க வேண்டியிருக்கும். கட்டுப்போடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. மூடிய கண்ணின் வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கு வசதி, மணிக்கொரு முறை மருந்து விடவும் முடியாது.

மருத்துவ முடிவைவிடக் கடினமாக இருந்தது போகச் சம்மதிக்க வைப்பது. கணவர் களத்திலிருந்து ஓடி வந்தார். கொள்முதல் நிலையத்தில் அவர்கள் வேலை பார்க்கும் சிப்பங்கள் திங்கட்கிழமைதான் முடியும், கூலியும் அப்போதுதான் வரும். “திங்கட்கெழம கூட்டிட்டுப் போறேன் சார், ரெண்டு நாள்தானே” என்றார். அவர் சொன்னதில் அலட்சியம் இல்லை. கையில் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இல்லாத கணக்கு அது. அதைப் புரிந்துகொள்ளாமல் திட்டினால் அவர்கள் வீட்டுக்குத்தான் போவார்கள், மருத்துவமனைக்கு அல்ல.

அவருடைய மனைவியின் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடி, தொலைவில் தள்ளி நிற்கும் மகள் எத்தனை விரல் காட்டுகிறாள் என்று கேட்கச் சொன்னேன். மனைவியால் சொல்ல முடியவில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்ததால் இவ்வளவு போயிருப்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. கணவர் அதற்குமேல் பேசவில்லை. கொள்முதல் நிலையத்தில் உடன் வேலை செய்பவர்கள் கூலியில் முன்பணம் பிரித்துக் கொடுத்தார்கள். நான் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து, படங்களை அனுப்பி, கடிதத்தில் ஸ்டீராய்டு பெயரையும் எத்தனை நாள் விட்டார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். பதினோரு மணிப் பஸ்ஸில் மகளோடு கிளம்பினார்.

மருத்துவமனையில்

கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, புண்ணின் விளிம்பிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்தார்கள். அதில் ஒரு பங்கைக் கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செலவு மிகக் குறைவான, நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையில் பூஞ்சை இழைகள் கிளை கிளையாகத் தெரிந்தன. பாக்டீரியாவுக்கான சாயச் சோதனையில் எதுவும் இல்லை. மிச்ச மாதிரியை வளர்ப்புக்கு வைத்ததில் சில நாள் கழித்து ஃப்யூசேரியம் என்று வந்தது. மண்ணிலும் பயிர்க் கழிவிலும் இருக்கிற பூஞ்சை அது. ரத்தச் சர்க்கரையும் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கண்ணீர்ப் பையில் சீழ் இல்லை.

நாட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை. கண்மணியை விரித்து வலியைக் குறைக்கும் சொட்டு ஒன்று. அவ்வளவுதான் மருந்து. நாட்டமைசின் பல பத்தாண்டுகளாக இருக்கும் பழைய மருந்து. விலை கூடிய புது மருந்து நல்லதில்லையா என்று மகள் கேட்டாளாம். நம் ஊர் நோயாளிகளை வைத்தே இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நாட்டமைசினையும் புது மருந்தான வோரிகோனசோலையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானது. பார்வை மீள்வதிலும் கருவிழி ஓட்டை விழாமல் இருப்பதிலும் நாட்டமைசின்தான் மேல், அதிலும் ஃப்யூசேரியத்தில் வித்தியாசம் தெளிவாக இருந்தது.

முதல் சில நாள் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். சீழ்க் கோடு உயராமல் நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்து வந்த வாரங்கள்

ஸ்டீராய்டை நிறுத்திய முதல் மூன்று நாளில் கண் முன்பைவிட அதிகமாகச் சிவந்தது, வலியும் கூடியது. அடக்கி வைத்திருந்த அழற்சி வெளியே வந்ததால் அப்படி. இப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அவர்கள் பழைய பாட்டிலுக்கே திரும்பியிருப்பார்கள். “அந்த மருந்து போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு” என்று கணவர் என்னிடம் இரண்டு முறை போனில் கேட்டார். இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து மையத்தில் கொடுத்துவிடச் சொன்னேன், கொடுத்துவிட்டார்.

மணிக்கு ஒரு முறை மருந்து என்று சீட்டில் எழுதுவது எளிது. ஒரு கூலிக் குடும்பத்தில் அதை நடத்திக் காட்டியது மகள்தான். காலையில் பள்ளிக்குப் போகும்வரை அவள், பகலில் பக்கத்து வீட்டு அம்மா, சாயங்காலம் மகன். போனில் மணிக்கு ஒரு அலாரம். நாட்டமைசின் அடியில் படியும் மருந்து என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். புண்ணின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்துப் புண் பெரிதாகிறது என்று பயந்தார்கள், மையத்துக்கு வரவழைத்துக் காட்டிப் புரியவைத்தோம். உள்ளூர்க் கடைகளில் இந்த மருந்து எப்போதும் இருக்காது என்பதால், ஒரு பாட்டில் பாதி ஆனதுமே அடுத்ததை வாங்கிவைத்தார்கள்.

இரண்டாம் வாரத்தில் திட்டின் இறகு விளிம்பு மழுங்கத் தொடங்கியது. சீழ் மறைந்தது. மருந்தின் இடைவெளியை மருத்துவர் படிப்படியாகக் கூட்டினார். ஆறாம் வாரத்தில் மேல்தோல் மூடிவிட்டது, சாயம் ஏறவில்லை. பூஞ்சைப் புண் மெதுவாகத்தான் ஆறும், அவசரப்பட்டு மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும் என்பதால் அதற்குப் பிறகும் சில வாரம் மருந்து தொடர்ந்தது.

மூன்று மாதம் கழித்து இடது கண்ணின் பார்வை 6/24, கண்ணாடியோடு 6/18. கருவிழியில் தழும்பு நிரந்தரமாக நின்றுவிட்டது. கண்மணியின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி அமைந்ததால் இந்த அளவு பார்வை தப்பியது. எதிர்வெயில் அடித்தால் கண் கூசுகிறது, இரவில் எதிரே வண்டி வந்தால் வெளிச்சம் சிதறித் தெரிகிறது என்கிறார். கருவிழி மாற்று அறுவைசிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை. களத்து வேலைக்குத் திரும்பிவிட்டார். குடும்பம் சில வாரக் கூலியை இழந்தது, மகள் பள்ளியில் ஒரு தேர்வை விட்டுவிட்டாள். சிகிச்சையின் செலவுக் கணக்கில் இவையெல்லாம் வருவதில்லை, ஆனால் இவைதான் அவர்களுக்குப் பெரிய செலவு.

மகனையும் ஒரு முறை வரவழைத்துப் பார்த்தோம். மெட்ராஸ் ஐ முழுதாக ஆறியிருந்தது, கண் அழுத்தமும் சரி. அவனுக்கும் அந்த ஸ்டீராய்டு சொட்டு தேவைப்பட்டதே இல்லை. வைரஸ் கண்ணில் அது தொற்று நீடிக்கும் காலத்தைக் கூட்டக்கூடும். மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம்.

எங்கே தடுத்திருக்கலாம்

முதல் நாள்தான் பெரிய வாய்ப்பு. சுணை பட்ட அன்று கருவிழியில் இருந்தது ஒரு சிராய்ப்பு மட்டுமே. நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களை வைத்து நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், கருவிழிச் சிராய்ப்பு ஏற்பட்டவர்களுக்குக் குளோராம்ஃபெனிகால் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஆகவே எங்கள் மையத்தில் இப்போது அறுவடை மாதங்களில் கண்ணில் சுணை, உமி, வைக்கோல் பட்டு வருகிறவர்களை வரிசையில் காத்திருக்க வைப்பதில்லை. நேராக ஸ்லிட் லாம்புக்கு வருகிறார்கள். இமையைத் திருப்பி ஒட்டியிருப்பதை எடுத்து, சாயம் தொட்டுப் பார்த்து, மருத்துவர் சொல்லும் களிம்பைக் கொடுத்து, மறுநாளும் வரச் சொல்கிறோம்.

ஊரில் சொல்வதையும் மாற்றிக்கொண்டோம். கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்க வேண்டாம், குடிக்கிற தண்ணீரால் கழுவுங்கள், வாய்க்கால் தண்ணீரால் வேண்டாம். பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். நாக்கால் தூசி எடுப்பவரிடமும் போக வேண்டாம், வாயில் உள்ள கிருமி காயத்துக்குள் போய்விடும். இதையெல்லாம் கேலியாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா அன்பால்தான் பூவைக் கொடுத்தார், பிறகு ஆறு வாரம் பகலெல்லாம் மருந்து விட்டதும் அவர்தான்.

மருந்துக்கடைத் தம்பிகளிடம் நாங்கள் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கண் சொட்டு கேட்டு வருகிறவரிடம் நல்ல கண்ணை மூடிக்கொண்டு ஓர் எழுத்து அட்டையைப் படிக்க முடிகிறதா என்று கேளுங்கள். வயலில் ஏதாவது பட்டதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு முடியவில்லை, அல்லது மற்றதற்கு ஆம் என்றால் மருந்து கொடுக்காமல் எங்களிடம் அனுப்புங்கள். சில கடைகள் செய்கின்றன. சில இன்னும் செய்யவில்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உடனே போக வேண்டிய சிவப்புக் கண்

இந்த நிகழ்வைப் பேசும் இடத்திலெல்லாம், எப்போதெல்லாம் காத்திருக்கக் கூடாது என்று கேட்கிறார்கள். சிவப்போடு பார்வை மங்கினால் அன்றைக்கே போக வேண்டும். தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, தலைவலியும் வாந்தியும், விளக்கைச் சுற்றி வளையம், இவற்றில் எது இருந்தாலும் அப்படியே. காயம் பட்ட கண், காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவரின் சிவந்த கண், அறுவைசிகிச்சை ஆன கண், பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் பீளை வடியும் கண் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் என்ற பேச்சே இல்லை. சுண்ணாம்பு, ஆசிட், பூச்சிமருந்து தெறித்தால் மட்டும் வரிசை மாறும். முதலில் கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு அப்புறம் வண்டி ஏறுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அமுக்கி அது கண்ணில் பீய்ச்சும் விபத்துகள் நம்மிடம் நிறைய, அங்கே முதல் ஐந்து நிமிடம்தான் எல்லாம்.

மெட்ராஸ் ஐ என்றே தோன்றினாலும் மூன்று நாளில் வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ காட்டிவிடுங்கள். வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களின் நாட்பட்ட சிவப்பு பெரும்பாலும் வறட்சி, ஒவ்வாமை, அல்லது கண்ணில் வளரும் சதை. அதற்கு அவசரம் இல்லை, ஆனால் கடையில் கேட்டு மாதக்கணக்கில் சொட்டு விட்டுக்கொள்வது மட்டும் கூடாது. திறந்த சொட்டுப் பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் விடவும் வேண்டாம்.

இப்போதைய நிலை

களத்தில் கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிவதுதான் இன்னும் சரிவராமல் இருக்கிறது. ஒரு தொண்டு அமைப்பு கொடுத்த பிளாஸ்டிக் கண்ணாடிகளைச் சம்பா அறுவடையில் சிலர் போட்டார்கள். வியர்வையில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று மதியத்துக்குள் கழற்றிவிட்டார்கள். பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள வகையை அடுத்த குறுவைக்கு, தூற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மட்டுமாவது, கொடுத்துப் பார்க்கலாம் என்று கொள்முதல் நிலையத்தில் பேசியிருக்கிறோம். நம் நோயாளி மட்டும் பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு, நடுநடுவே கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு வேலை செய்கிறார்.